டெக்கோ எக்ஸ்50: மூன்று பெட்டிகளும் அவற்றுக்கு இடையே ஓடும் கம்பியும்

டிபி-லிங்க் நிறுவனத்தின் டெக்கோ எக்ஸ்50, வீடு முழுக்க வைஃபை பரப்புவதற்கான மூன்று பெட்டித் தொகுப்பு. வாங்கி ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் ஓட்டியாகிவிட்டது. நல்ல பொருள்தான். ஆனால் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 3000 என்ற வேக எண்ணைப் பார்த்துவிட்டு, மாடிக்கு ஒன்றாக வைத்து மின்சாரம் கொடுத்தால் போதும் என்று வாங்குகிறவர்கள் முழு விலை கொடுத்துப் பாதிப் பொருளை அனுபவிக்கிறார்கள். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே கம்பி போட வேண்டும். ஈதர்நெட் பேக்ஹால் என்று பெரிதாகச் சொல்கிறார்கள். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தகவல் காற்றில் போகாமல் கம்பியில் போவது, அவ்வளவுதான்.

நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவன். ஜெல்லி கேபிள், பில்லர் பெட்டி, எம்.டி.எஃப். (தொலைபேசி நிலையத்தில் கம்பிகளெல்லாம் வந்து சேரும் சட்டகம்) என்றே காலத்தைக் கழித்துவிட்டு 2020 ஜனவரியில் விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன். கம்பி என்று வந்தால் பேச்சு கொஞ்சம் நீளும். பொறுக்காதவர்கள் கடைசி மூன்று பத்திகளை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

வீடு திருச்சி தில்லைநகரில். தரைத்தளம், முதல் மாடி, மொட்டை மாடியில் பிற்பாடு எழுப்பிய ஓர் அறை. ஃபைபர் வந்து இறங்குவது தரைத்தளத்து முன்கூடத்தில். இணையம் உயிர்நாடியாகத் தேவைப்படுவது மொட்டை மாடி அறையில். அங்கேதான் என் மனைவி நியூ ஜெர்சியிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறார். இரண்டுக்கும் நடுவே கம்பி கட்டிய இரண்டு கான்கிரீட் தளம், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இவற்றைத் தாண்டி வருவதற்குள் களைத்துவிடும். 2.4 தாண்டிவிடும், ஆனால் தெருவில் இருக்கிற எல்லா ரவுட்டரும் அதில்தான் கத்திக்கொண்டிருக்கின்றன.

முதலில் மூன்று பெட்டிகளையும் கம்பியில்லாமல் வைத்துப் பார்த்தோம். எங்கள் திட்டம் 300 மெகாபிட். கூடத்தில் முழுதாகக் கிடைத்தது. முதல் மாடியில் பாதி. மேல் அறையில் அதிலும் பாதிக்குக் குறைவு. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எக்ஸ்50 இரட்டை அலைவரிசைப் பெட்டி. 5 கிகாஹெர்ட்ஸில் அலையை அனுப்பவும் வாங்கவும் இருப்பது ஒரே கருவி. கீழ்ப் பெட்டியோடு பேசுவதும் அதுதான், கையில் இருக்கும் கைப்பேசியோடு பேசுவதும் அதுதான். ஒரு நேரத்தில் ஒன்றோடுதான் பேச முடியும். ஒரு தாவலுக்கு, அதாவது ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குப் போவதற்கு, பாதி போய்விடும் என்று சொல்வது அதனால்தான்.

வேகம் குறைந்ததுகூடப் பெரிய தொல்லையில்லை. வயலின் வகுப்புக்கு சில மெகாபிட் இருந்தாலே ஓடும். தொல்லை தாமதத்தின் ஏற்ற இறக்கத்தில் இருந்தது. ஒரு தகவல் பொட்டலம் மூன்று மில்லி விநாடியில் வரும், அடுத்தது நாற்பதில் வரும். படம் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. கல்யாணியில் மத்தியமத்தைப் பிடித்து அசைத்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது அந்த அசைவின் நடுவில் ஒரு துண்டு காணாமல் போனால், அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளை காணாமல் போனதையும் சேர்த்தே பாடம் பண்ணிக்கொள்ளும். மனைவி ஒருநாள் வில்லைக் கீழே வைத்துவிட்டு, இதற்குப் பழைய தொலைபேசியே தேவலை என்றார். என்னிடம் அதைச் சொன்னால் நான் சும்மா இருப்பேனா?

கம்பி இழுப்பதற்கு ஒரு கடையிலிருந்து ஆள் அனுப்பினார்கள். கடையின் பெயர் வேண்டாம். நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து அந்தப் பையன் வந்து வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டான். திரும்பி வந்து பார்த்தால் மூன்று பெட்டியிலும் விளக்கு ஒழுங்காக எரிகிறது, இணையமும் வருகிறது. ஆனால் மேல் அறையில் வேகம் பழையபடி குதித்துக்கொண்டுதான் இருந்தது. டெக்கோவின் ஒரு குணத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். கம்பி இணைப்பு விழுந்தால் அது சத்தமில்லாமல் காற்றுவழிக்கு மாறிக்கொள்ளும். இணையம் நிற்காது என்பதால் இது நல்ல ஏற்பாடு. கம்பி பழுது என்பதும் யாருக்கும் தெரியாது என்பதால் கெட்ட ஏற்பாடும்கூட. செயலியைத் திறந்து அந்தந்தப் பெட்டியைத் தொட்டு, இணைப்பு ஈதர்நெட் என்று காட்டுகிறதா என்று பார்த்தால்தான் உண்டு. எங்கள் வீட்டில் மேல் பெட்டி ஒரு நேரம் ஈதர்நெட் என்றது, சிறிது நேரம் கழித்து வைஃபை என்றது.

சுவர்ப் பெட்டியைக் கழற்றி, பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. மறுமுனையிலும் அச்சு அசலாக இதே வரிசை. சோதனைக் கருவியைச் செருகினால் ஒன்றிலிருந்து எட்டு வரை விளக்கு வரிசையாக எரிந்து, எல்லாம் சரி என்கிறது. இரண்டு பக்கமும் ஒரே வரிசையாக இருந்தால் போதும் என்பது அந்தப் பையனின் கட்சி. வேடிக்கை என்னவென்றால், நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்பது எங்கள் தொலைபேசிக் கேபிளின் ஜோடி வரிசை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் சொல்லிவிடுவேன். ஈதர்நெட் பிளக்கில் அது ஆகாது.

ஏன் ஆகாது? ஈதர்நெட் பிளக்கில் 1-உம் 2-உம் ஒரு ஜோடி. 7-உம் 8-உம் ஒரு ஜோடி. 4-உம் 5-உம் ஒரு ஜோடி. மிச்சமிருக்கும் 3-உம் 6-உம் ஒரு ஜோடி. நடுவில் இருக்கும் இரண்டைத் தாண்டி அவை கைகோக்கின்றன. இந்த விசித்திரத்துக்குக் காரணமும் தொலைபேசிதான். தொலைபேசி பிளக்கில் முதல் ஜோடி நட்ட நடுவில் உட்காரும். அந்த இடத்தை அப்படியே விட்டுவைத்துத்தான் இந்தத் தரத்தையும் வகுத்தார்கள். ஆகவே டி-568பி வரிசையில் வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று பச்சை ஜோடி பிரிந்து நின்று நீலத்தை நடுவில் விடுகிறது. பையன் போட்ட வரிசையில் 3-இல் வெள்ளை-ஆரஞ்சும் 6-இல் பச்சையும் வந்து உட்கார்ந்திருந்தன. இரண்டும் வெவ்வேறு முறுக்கைச் சேர்ந்த கம்பிகள். 4-உம் 5-உம் அப்படியே.

கம்பியை ஜோடி ஜோடியாக முறுக்குவது அழகுக்காக இல்லை. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் சமமாக விழும். அந்தக் கோடியில் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துபோகும். ஜோடி மாறிவிட்டால் கழியாது, அடுத்த ஜோடியின் சத்தமும் வந்து கலக்கும். என் காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது காதில் விழுகிறது என்று புகார் வந்தால், முதலில் பார்ப்பது எங்கேயாவது ஜோடி பிரிந்திருக்கிறதா என்றுதான். விளக்கு எரியும் மலிவான சோதனைக் கருவி கம்பி அறுந்திருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். ஜோடி பிரிந்திருப்பது அதற்குத் தெரியாது.

வரிசையைத் திருத்திவிட்டு அதே கேபிளை வைத்துக்கொள்ளலாம் என்று பிளேடால் ஓர் இழையைச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம். உறையில் கேட்-6 என்று கேபிளின் தரத்தைக் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. அலுமினியத்துக்குச் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் மின்தடை. நான்கு தடவை மடக்கி நிமிர்த்தினால் ஒடிந்தும்விடும். ஈதர்நெட் கேபிளுக்கு முழுச் செம்பு வேண்டும் என்பதுதான் தரம். ஆனால் நம் ஊர்க் கடைகளில் இரண்டும் ஒரே அலமாரியில் ஒரே பெயரில் கிடக்கின்றன. விலையைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். நான் பிறகு வாங்கிய முழுச் செம்புக் கேபிள் மீட்டருக்கு 30 ரூபாயை ஒட்டி வந்தது. அதில் பாதிக்கும் குறைவாகச் சொன்னால் பிளேடை எடுத்துச் சுரண்டிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

முதல் மாடி வரைக்கும் வேலை சுலபமாக முடிந்தது. வீடு கட்டும்போதே தொலைபேசிக்கென்று தனிப் பைப் போட்டுவைத்திருந்தேன். அதற்குள் பழைய இரட்டை ஜோடிக் கம்பி சும்மா கிடந்தது. அதன் நுனியில் புதுக் கேபிளைக் கட்டி, முடிச்சின் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றி, கொஞ்சம் முகப்பவுடரைத் தூவி, மேலேயிருந்து ஒருவர் இழுக்கக் கீழேயிருந்து ஒருவர் ஊட்டினோம். ஒரு வளைவில் சிக்கியது. இந்த மாதிரி நேரத்தில் பலம் காட்டக் கூடாது. பதினோரு கிலோ இழுவைக்கு மேல் போனால் உள்ளே முறுக்கு இளகிவிடும். பின்னால் தள்ளி, கொஞ்சம் திருகி, மறுபடி இழுத்ததில் வந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் மின்விசிறிக்குப் போகும் பைப்பிலேயே விட்டுவிடலாம் என்று யோசனை சொன்னார். நல்ல மனிதர், நல்ல வேலைக்காரர், ஆனால் இந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 230 வோல்ட் போகிற பைப்பில் தகவல் கம்பி போகக் கூடாது. இரைச்சலை விடுங்கள், உறை எங்கேயாவது உரிந்தால் ரவுட்டரைத் தொடுகிறவர் கை என்ன ஆவது?

மொட்டை மாடி அறைக்கு உள்வழி கிடையாது. வெளிச்சுவரில் வடக்குப் பக்கமாக ஏற்றினோம். திருச்சி வெயிலில் சாதாரணக் கேபிளின் உறை சில வருடங்களில் வெடித்துவிடும் என்பதால் அந்தத் துண்டுக்கு மட்டும் வெளிப்புறத்துக்கென்றே வரும் கறுப்புக் கேபிள். அதற்கும் மேலே பைப். சுவருக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் கேபிளைக் கீழே தொங்கவிட்டு மறுபடி மேலேற்றிக் கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் ஐப்பசி மழை கேபிளைப் பிடித்துக்கொண்டே அறைக்குள் வந்துவிடும். எங்கள் துறையில் இது பாலபாடம். இன்றைக்கு வருகிற ஆட்களில் பலர் செய்வதில்லை.

இரண்டு முனைகளிலும் பிளக் அடிக்காமல் சுவரில் ஜாக் வைத்தேன். என்னிடம் பழைய க்ரோன் கருவி இருந்தது; நான் வாங்கிய ஜாக் அதையும் ஏற்கும் வகை. ஒவ்வொரு இழையையும் அழுத்தும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், மிச்சக் கம்பி தானே வெட்டிக்கொண்டு விழும். அந்தச் சத்தத்தை மறுபடி கேட்கத்தான் இந்த வேலையில் இறங்கினேனோ என்று மனைவிக்குச் சந்தேகம். முறுக்கை அவிழ்ப்பது அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. ஜாக்கிலிருந்து பெட்டி வரை, தொழிற்சாலையில் செய்து வரும் ஒரு மீட்டர் இணைப்புக் கம்பி. கையால் அடித்த பிளக்கைவிட அது எப்போதும் மேல்.

இனி பெட்டியைப் பற்றி. எக்ஸ்50-இல் ஒவ்வொரு பெட்டிக்கும் கம்பி செருக மூன்று கிகாபிட் (1000 மெகாபிட்) துளைகள். இந்த விலையில் அதுதான் இதன் பெரிய பலம். எது உள்ளே வருவது, எது வெளியே போவது என்ற பேதம் கிடையாது. எதில் செருகினாலும் தானே புரிந்துகொள்ளும். கூடத்துப் பெட்டியிலிருந்து முதல் மாடிக்கு ஒரு கம்பி, முதல் மாடியிலிருந்து மேல் அறைக்கு ஒரு கம்பி என்று தொடராகப் போட்டிருக்கிறேன். அப்படியும் முதல் மாடியில் தொலைக்காட்சிக்கு ஒரு துளை மிஞ்சியது. மேல் அறையில் இரண்டு. செயலியில் எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. கம்பியைச் செருகிச் சற்று நேரத்தில் ஈதர்நெட் என்று காட்டிவிட்டது. அன்றிலிருந்து மேல் அறையில் 300-க்கு மிக அருகில் வருகிறது. கூடத்துப் பெட்டியை எட்டித் திரும்பும் நேரம் ஒரு மில்லி விநாடிக்குள் அடங்கிவிட்டது. மேல் அறையில் மிஞ்சிய துளையில் மனைவியின் மடிக்கணினியையே கம்பியால் இணைத்துவிட்டேன். வைஃபை பெட்டி வாங்கிவிட்டு வைஃபையே இல்லாமல் வகுப்பு நடக்கிறது. கமகத்தில் துண்டு விழுவது நின்றது. நியூ ஜெர்சிப் பிள்ளையோடு சேர்ந்து வாசிக்க முடியுமா என்று கேட்டார். அது நடக்காது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். நடுவில் பதின்மூவாயிரம் கிலோமீட்டர் கிடக்கிறது. ஒரு வழிக்கே 65 மில்லி விநாடிக்குக் குறைய வழியில்லை. நடைமுறையில் இன்னும் கூடும். வீட்டுக்குள் இருக்கிற கோளாறைத்தான் கம்பி தீர்க்கும், பூமியின் அளவை அல்ல.

கம்பி போட்ட பிறகு பெட்டியை வைக்கும் இடமும் நம் விருப்பத்துக்கு வந்துவிடுகிறது. காற்றுவழியில் ஒரு பெட்டி இன்னொன்றின் கண்ணுக்கு எட்டுகிற இடத்தில், அதாவது படிக்கட்டில் நட்ட நடுவே, யாருமே உட்காராத மூலையில் வைக்க வேண்டும். இப்போது ஆட்கள் இருக்கிற இடத்திலேயே வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். கையேட்டில் 40 டிகிரி வரைதான் என்று எழுதியிருக்கிறது. சித்திரை, வைகாசியில் பூட்டிக்கிடக்கும் மொட்டை மாடி அறை அதை எளிதில் தாண்டும். பரண் மேல் வைத்திருந்ததை மேசைக்கு இறக்கிவிட்டேன்.

கம்பி போட்டாலும் தீராதவை சில உண்டு. மாடியேறும்போது கைப்பேசி பழைய பெட்டியையே பிடித்துக்கொண்டு வருவது அதில் ஒன்று. எப்போது கைமாறுவது என்று முடிவுசெய்வது கைப்பேசி. பெட்டி யோசனை சொல்லலாம், அவ்வளவே. அமைப்புகள் அனேகமாக எல்லாமே கைப்பேசிச் செயலிக்குள்தான் இருக்கின்றன. உலாவியில் திறக்கும் பக்கத்தில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. செயலிக்குள் நுழைய அந்த நிறுவனத்தில் ஒரு கணக்கும் வேண்டும். என் வீட்டு ரவுட்டரைத் திறக்க நான் எதற்குக் கணக்குத் தொடங்க வேண்டும் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. பிள்ளைகளுக்கான கட்டுப்பாடுகளில் நுணுக்கமானவற்றுக்குத் தனிச் சந்தா. எங்கள் வீட்டில் கட்டுப்படுத்த வேண்டிய பிள்ளைகள் இல்லை.

இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியில் வைஃபையை அணைத்துவிட்டு, டெக்கோவை அக்சஸ் பாயின்ட் முறையில் ஓட்டுகிறேன்; ரவுட்டர் வேலை அந்தப் பெட்டிக்கு, வைஃபை பரப்புவது மட்டும் டெக்கோவுக்கு. தரைவழித் தொலைபேசியும் அந்தப் பெட்டியிலேயே இருப்பதால் அதைக் கலைக்க மனமில்லை. இந்த முறையில் டெக்கோவின் கட்டுப்பாட்டு வசதிகள் சில கிடைக்காது. ரவுட்டர் முறையில் வைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: மற்ற பெட்டிகளின் கம்பி முதல் டெக்கோவுக்குப் பின்னால்தான் வர வேண்டும். இணைய நிறுவனப் பெட்டியில் துளை காலியாக இருக்கிறதே என்று மேல் மாடிக் கம்பியை நேராக அதில் செருகினால் குழப்பம்தான் மிஞ்சும். நடுவில் ஸ்விட்ச் (ஒரு ஈதர்நெட் கம்பியைப் பலவாகப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி) வைக்கலாம். ஆனால் இந்தப் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழியைச் சில ஸ்விட்சுகள் கடத்துவதில்லை. முடிந்தவரை நேராகவே இணையுங்கள். மின்வெட்டுக்கும் யோசிக்க வேண்டும். அந்தக் காலத்தில் தெருவே இருண்டாலும் தொலைபேசி வேலை செய்யும். தொலைபேசி நிலையத்திலிருந்து 48 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். இப்போது நான்கு பெட்டியில் ஒன்று அணைந்தாலும் வகுப்பு நின்றுவிடும். நான்கையும் இன்வெர்ட்டர் இணைப்பில் போட்டாயிற்று.

யார் வாங்கலாம்? இரண்டு மாடிக்கு மேல் இருக்கிற தனி வீடு, கம்பி போட வழி, 300 மெகாபிட்டுக்குக் குறையாத திட்டம், இந்த மூன்றும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். நான் இருபதாயிரத்தை ஒட்டிக் கொடுத்தேன். கேபிளும் கூலியும் தனி. கம்பி உறுதியாகப் போடப்போகிறீர்கள் என்றால், இதைவிட மலிவான டெக்கோ எம்4-கூடப் பல வீடுகளுக்குப் போதும். அதன் துளைகளும் கிகாபிட்தான். பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் இ4-இன் துளைகள் 100 மெகாபிட். அதில் எவ்வளவு நல்ல கம்பி போட்டாலும் வேகச் சோதனை 94-இல் வந்து நின்றுவிடும். கிகாபிட் பெட்டியிலேயே 94 காட்டினால் நேராகப் பிளக்கைப் பாருங்கள். நூறு மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். நீலமோ பழுப்போ எங்கேயோ விட்டுப்போயிருக்கும். மூன்று படுக்கையறை வரையிலான அடுக்குமாடி வீட்டுக்கு இந்தத் தொகுப்பே தேவையில்லை. நல்ல ரவுட்டர் ஒன்றை நடுக்கூடத்தில் வைத்தால் போதும். வாடகை வீடு என்றால் சுவரை உடைக்க வேண்டியதில்லை. வெள்ளைக் கேபிளைத் தரையோரமாகக் கிளிப் அடித்து ஓட்டிவிடுங்கள். காலி செய்யும்போது சுருட்டிக்கொண்டு போய்விடலாம். வீட்டுக்காரரிடம் ஆணி அடிப்பதற்கு மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.